திரை விலகிய நாள்

1953இல் பிரிட்டிஷ் ராணியின் முடிசூட்டு விழாவைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ராணியைவிட அதிகம் நினைவில் நிற்பது அந்த வீட்டின் முன்னறைதான்

வெளியே மழை. ஜூன் மாதத்துக்குப் பொருந்தாத குளிர். உள்ளே, வெளிச்சம் பட்டால் படம் தெரியாது என்பதால் காலை பத்து மணிக்கே ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடியாகிவிட்டது. பெரியவர்களுக்கு நாற்காலிகள், குழந்தைகளுக்குத் தரை. அனைவரது கண்களும் மூலையிலிருந்த கனத்த மரப்பெட்டியின் மேல். அதில் பதித்திருந்த திரையோ சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதில்லை. படம் பெரிதாகத் தெரியட்டும் என்று சில வீடுகளில் அதன் முன்னால் ஒரு பூதக்கண்ணாடியும் மாட்டியிருந்தார்கள்.

1953 ஜூன் 2. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 27 வயது இரண்டாம் எலிசபெத்துக்கு முடிசூட்டு விழா. பிரிட்டனில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதை டிவியில் பார்த்தார்கள். நாட்டில் இருந்த பெட்டிகளோ சுமார் 25 லட்சம்தான். எனவே சொந்த வீட்டில் பார்த்தவர்களைவிட அடுத்தவர் வீட்டில் பார்த்தவர்களே அதிகம். எண்பதுகளின் இறுதியில் ராமாயணத் தொடருக்காகப் பக்கத்து வீட்டுக்கு ஓடிய இந்தியர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமானதல்ல.

அன்று தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் இப்போது எழுபதுகளையும் எண்பதுகளையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளில் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இருட்டு அறை. கைமாறி வந்த சாண்ட்விச் தட்டுகள். அப்போதுதான் சூடேறத் தொடங்கிய டிவியின் வாசனை. இதுவரை வணக்கம் மட்டுமே சொல்லிவந்த அண்டை வீட்டார் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்த விசித்திரம். உலகப்போர் முடிந்து எட்டு ஆண்டுகள் ஆகியும் சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது. விழாவுக்காகக் கூடுதலாக ஒரு பவுண்டு சர்க்கரை கொடுத்தார்கள். மிட்டாய்க்கான ரேஷன் அந்த பிப்ரவரியில்தான் நீங்கியிருந்தது. குழந்தைகளைப் பொறுத்தவரை கிரீடத்துக்கு இணையான செய்தி அது.

ஒளிபரப்பு கிட்டத்தட்ட 7 மணி நேரம் நீடித்தது. தங்க ரதமும் செங்கம்பளமும் என்று கனவு கண்டிருந்த குழந்தைகளுக்குக் கிடைத்தது சாம்பல் நிற உருவங்கள். பிரார்த்தனைகள் புரியவில்லை. பலர் பாதியில் நழுவி விளையாடப் போனார்கள். ஆனால் ஊர்வலத்தில் கொட்டும் மழையிலும் வண்டியின் மேல்கூரையை மூட மறுத்து, நனைந்தபடியே கையசைத்துச் சென்ற டோங்கா நாட்டு ராணி சலோட்டேயை யாரும் மறக்கவில்லை. எவரெஸ்ட் சிகரத்தை ஹிலாரியும் டென்சிங்கும் தொட்ட செய்தி லண்டன் நாளிதழில் வந்ததும் அன்று காலைதான்.

இவ்வளவும் நடக்காமலே போயிருக்கும் என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது. 1923இல், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின் திருமணத்தை வானொலியில் ஒலிபரப்ப பிபிசி அனுமதி கேட்டபோது சர்ச் தலைமை மறுத்தது. மதுக்கடையில் தொப்பியைக் கழற்றாமலே யாராவது கேட்டுவிட்டால்? அதே ஜார்ஜின் முடிசூட்டு ஊர்வலம் 1937இல் டிவியில் வந்தது. ஆனால் தேவாலயத்துக்குள் டிவி கேமராக்கள் நுழையவில்லை.

1952 அக்டோபரிலும் அதே பதில்தான் வந்தது. தேவாலயத்தின் உட்பகுதியில் நேரடி ஒளிபரப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். பிரதமர் சர்ச்சிலும் அவரது அமைச்சரவையும் அதை விரும்பவில்லை. கேன்டர்பரி பேராயரும் விரும்பவில்லை. விளக்குகளின் சூடு ராணியை வாட்டும், சிறு பிழையையும் நாடே பார்த்துவிடும், புனிதச் சடங்கு நாடகமாகிவிடும் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. பத்திரிகைகள் கொதித்தன. பிரபுக்கள் நேரில் பார்க்கலாம், மக்கள் பெட்டியில்கூடப் பார்க்கக் கூடாதா? டிசம்பரில் அரசு இறங்கிவந்தது.

நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. முகத்தை நெருங்கிக் காட்டக் கூடாது என்றார்கள். தயாரிப்பாளர் பீட்டர் டிமாக் அதை முழுவதுமாகக் கடைப்பிடிக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் மீறப்படவே இல்லை. ராணிக்குப் புனித எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யும் தருணத்தில் விதானம் அவரை மறைக்க, கேமரா பார்வையை விலக்கிக்கொண்டது. வர்ணனையாளர் ரிச்சர்ட் டிம்பிள்பியின் அடங்கிய குரலை மட்டுமே நம்பி நாடு முழுவதும் காத்திருந்தது.

வானொலியில் கேட்டவர்களைவிட டிவியில் பார்த்தவர்கள் அதிகமாக இருந்த முதல் பெரிய நிகழ்ச்சி அதுதான். விழாவுக்காகவே பெட்டி வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் ஏராளம். அண்டை வீட்டில் பார்த்துவிட்டு வந்த குழந்தைகள் நச்சரித்தே வாங்கவைத்த பெட்டிகளுக்குக் கணக்கில்லை. அடுத்த ஆண்டே டிவி லைசென்ஸ்கள் 30 லட்சத்தைத் தாண்டின.

பெட்டியில் பார்க்காத குழந்தை ஒன்றும் உண்டு. நான்கு வயது சார்லஸ், பாட்டிக்கும் சித்திக்கும் நடுவே தேவாலயத்திலேயே நின்று அம்மாவின் விழாவைப் பார்த்தார். ஒருமுறை திறந்த கதவை மறுபடி மூட முடியாது என்பதை அவரைவிட அதிகமாக அனுபவித்தவர்கள் குறைவு. 1981இல் அவரது திருமணத்தை உலகமே பார்த்தது. 1995இல் அந்தத் திருமணத்தின் துயரத்தை டயானா பேட்டியாகச் சொன்னபோதும் பிரிட்டனில் 2 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். மரியாதையுடன் ஒதுங்கி நின்ற 1953ஆம் ஆண்டுக் கேமராவுக்கும் அதற்கும் இடைவெளி 42 ஆண்டுகள்தான்.

2023 மே 6 அன்று அதே தேவாலயத்தில் சார்லஸ் முடிசூடினார். வண்ணத்தில், துல்லியத்தில், கைபேசித் திரைகளில்கூட நாடு பார்த்தது. உச்சகட்டத்தில் பார்வையாளர் எண்ணிக்கை மீண்டும் சுமார் 2 கோடி. ஆனால் நாட்டின் மக்கள்தொகை இதற்கிடையே 5 கோடியிலிருந்து ஆறரைக் கோடியைத் தாண்டியிருந்தது. அபிஷேகத்தின்போது மன்னரைச் சுற்றித் தடுப்புத் திரைகள் நின்றன. அந்த ஒரு கணத்தை மட்டும் அரண்மனை இன்னமும் விட்டுக்கொடுக்கவில்லை.

1953இன் குழந்தைகள் இந்த விழாவை அவரவர் வீட்டிலேயே வசதியாகப் பார்த்தார்கள். ராணியின் ரத்தினக் கற்கள் மங்கலாகத் தெரிந்த அன்று, இருட்டறையில் பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கை இடித்துக்கொண்டிருந்தது. இப்போது மன்னரின் கிரீடத்தில் ஒவ்வொரு கல்லும் பளிச்சென்று தெரிகிறது. இடிக்கத்தான் யாரும் இல்லை.