ஸ்கூட்டருக்கும் மூச்சு உண்டு

தில்லியில் ஜனவரி மாதக் காலை. எதிரே வருபவர் தெரியாத பனிமூட்டம். இட்லி மாவு விற்கும் ஒருவர் தன் பழைய ஸ்கூட்டரைக் கிளப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து உதை உதைத்த பிறகு வண்டி கிளம்புகிறது. ஆனால் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. பின்னால் கறுப்புப் புகை. ஆர்.கே. புரத்தில் மாவுக்காகக் காத்திருப்பவர்கள் வேறு ஆளிடம் வாங்கிவிடுகிறார்கள்.

அவர் மெக்கானிக்கிடம் போகிறார். "கார்புரேட்டரில் கச்ரா" என்கிறார் மெக்கானிக். கச்ரா என்றால் இந்தியில் குப்பை. தில்லியில் ஸ்கூட்டர் வைத்திருப்பவர் அடிக்கடி கேட்கும் சொல் இது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார். ஒரு திருகைத் திருப்புகிறார். கூலி வாங்குகிறார். மூன்றே நாளில் பழைய கதை திரும்பி வருகிறது.

அப்படியானால் கோளாறு எங்கே?

வீட்டு ஸ்டவ்வை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். காற்று சரியாகக் கிடைத்தால் தீ நீலமாக எரியும். காற்று குறைந்தால் தீ மஞ்சளாகும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். எஞ்சினும் ஓர் அடுப்புதான். அதற்குப் பெட்ரோலும் வேண்டும், காற்றும் வேண்டும். காற்றுதான் அதிகம் வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 15 கிராம் காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை. இவ்வளவு காற்றும் ஒரு சிறிய வடிகட்டி வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்த வடிகட்டியை ஏர் பில்டர் என்கிறோம்.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கருவி கார்புரேட்டர். அதன் குறுகிய வழியில் காற்று வேகமாகப் பாய்கிறது. அந்த வேகத்தில் பெட்ரோல் மேலே இழுக்கப்படுகிறது. ஜெட் என்னும் ஊசித்துளை வழியே வந்து, சாரலாகக் காற்றில் கலக்கிறது. அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க ஒரு மிதவை இருக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கலவை இரண்டு விதமாகக் கெடலாம். பெட்ரோல் மிகுந்து போகலாம். மெக்கானிக்குகள் இதை ரிச் என்பார்கள். அல்லது காற்று மிகுந்து போகலாம். அது லீன்.

எது என்று கண்டுபிடிக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். வண்டி நன்றாக ஓடிய பிறகு எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியதும் கழற்ற வேண்டும். முனை காய்ந்து, வெளிர் காப்பி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரிப்பொடி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்று மிகுதி.

இன்னொரு வழியும் உண்டு. கையால் இழுக்கும் சோக் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தும். எஞ்சின் சூடான பின் வண்டி திணறினால், சோக்கைச் சற்று இழுத்துப் பார்க்க வேண்டும். சோக் இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடும். திணறல் குறைந்தால் இதுவரை பெட்ரோல் போதவில்லை என்று பொருள். திணறல் கூடினால் பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி. காசு செலவில்லாத சோதனை இது.

மாவு வியாபாரியின் பிளக் கன்னங்கரேல் என்று இருந்தது. காரணம் கார்புரேட்டர் குப்பை அல்ல. குளிரில் அவர் தினமும் சோக் இழுத்தார். சோக்கின் ஒயர் துருப்பிடித்திருந்தது. கைப்பிடி திரும்பியது, உள்ளே இருந்த அடைப்பு திரும்பவில்லை. நாள் முழுவதும் வண்டி சோக்கிலேயே ஓடியது. ஒயருக்கு எண்ணெய் விட்டு, பிளக்கைத் துடைத்ததும் வண்டி சரியானது.

பெட்ரோல் மிகுவதற்கு முக்கியமான இன்னொரு காரணம் தூசி. மே, ஜூன் மாதங்களில் தில்லியில் ஆந்தி என்னும் புழுதிக்காற்று வீசும். ஏர் பில்டர் அடைத்துக்கொள்ளும். வண்டி காற்றுக்குத் தவிக்கும். மைலேஜ் குறையும். ஸ்பான்ஜ் வடிகட்டியைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சில துளி எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது. எண்ணெய் தோய்ந்த காகிதமாக இருந்தால் ஊதுவதும் பயன்படாது, புதிதுதான் போட வேண்டும். சிலர் தொல்லை விட்டது என்று வடிகட்டியையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன்பின் புழுதி நேரே எஞ்சினுக்குள் போய்ப் பிஸ்டனை அரிக்கும்.

காற்று மிகுந்தால் ஆபத்து அதிகம். வண்டி இழுக்காது, எஞ்சின் கொதிக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் எஞ்சினுக்கு எண்ணெயே பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிக்கொள்ளும். ஓடும் வண்டி சட்டென்று நின்று ஆளைக் கீழே தள்ளிவிடும்.

காற்று மிகுவது ஏன்? கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருக்கலாம். அந்தக் கீறல் வழியே காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழையும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காது. எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் சோப்பு நீரைச் சிறிது தடவினால் சத்தம் மாறும். இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பது நெருப்பை விலைக்கு வாங்குவதாகும்.

ஜெட் துளை அடைத்திருக்கலாம். அப்போது மெக்கானிக் சொல்லும் கச்ரா உண்மைதான். சில நேரம் டாங்க் மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கும். வண்டி சில கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். இந்தச் சிறிய துளைக்காகக் கார்புரேட்டரைப் பலமுறை கழற்றியவர்கள் உண்டு.

தில்லியின் பருவநிலையும் கலவையை மாற்றும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மே மாதம் 45 டிகிரி வெயிலில் உள்ள காற்றைவிட, 5 டிகிரிக் குளிரில் உள்ள காற்று சுமார் 14 சதவீதம் கனம் கூடுதல். கோடையில் சரியாக ஓடிய வண்டி குளிரில் முரண்டு பிடிக்க இதுவும் ஒரு காரணம். முசௌரி போன்ற மலை ஊருக்குப் போனால் காற்று மெலிவு. அங்கே பெட்ரோல் மிகுதியாகும். பெட்ரோலும் மாறிவிட்டது. அதில் எத்தனால் கலப்பு 2025ஆம் ஆண்டில் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலிலேயே பிராணவாயு இருப்பதால், பழைய கார்புரேட்டரில் கலவை சற்று லீன் பக்கம் சாயும்.

சோக், வடிகட்டி, ரப்பர், டாங்க் மூடி, ஜெட் எல்லாம் பார்த்த பிறகே கலவைத் திருகில் கை வைக்க வேண்டும். முதலில் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பழைய இடத்துக்குத் திரும்ப முடியும். இறுக்கினால் முனை மழுங்கிவிடும். சில வண்டிகளில் இந்தத் திருகு காற்றை அளக்கும். சிலவற்றில் பெட்ரோலை அளக்கும். ஒன்றுக்குச் செய்ததை மற்றதற்குச் செய்தால் நேர்மாறாகும்.

இந்தத் திருகில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. தில்லியின் மாசு பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 1998இல் வந்த உத்தரவு, டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு எண்ணெயைச் சரியான அளவில் கலந்த பெட்ரோலையே பங்குகள் தர வேண்டும் என்றது. எண்ணெய் மிகுந்தால் வெண்ணீலப் புகை வரும். பெட்ரோல் மிகுந்தால் கறுப்புப் புகை வரும். கண்ணுக்குத் தெரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் வரும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு உள்ளே எஞ்சினை ஓடவிட்டால் உயிர் போகும்.

மாசுச் சோதனையில் சைலன்சருக்குள் குழாய் விட்டு இந்த வாயுவை அளக்கிறார்கள். இரு சக்கர வண்டிகளுக்கு 4.5 சதவீதம் என்று இருந்த வரம்பு, 2000 மார்ச்சுக்குப் பின் செய்த வண்டிகளுக்கு 2004இல் 3.5 ஆனது. சான்றிதழுக்காகத் திருகை லீன் பக்கம் திருப்பி, அப்படியே விட்டுவிடும் கடைகள் உண்டு. காகிதம் கிடைக்கும். அடுத்த மாதம் பிஸ்டன் போகும். வடிகட்டியைச் சுத்தம் செய்து, எஞ்சினைச் சூடாக்கிவிட்டுச் சோதனைக்குப் போனாலே பல வண்டிகள் தேறிவிடும்.

2020 ஏப்ரல் முதல் வந்த புதிய ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் இல்லை. சைலன்சர் பாதையில் உள்ள உணர்கருவி பிராணவாயுவை அளந்து சொல்கிறது. அதன்படி பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. கோளாறு என்றால் ஒரு விளக்கு எரியும். திருப்புவதற்குத் திருகு இல்லை. ஏர் பில்டர் மட்டும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. ஆந்தி அடித்தால் அதிலும் புழுதி சேரும்.