கியாஸ் தீர்ந்துவிட்டதா?

ஐஸ் பெட்டியில் வைத்த மீன் நெகிழ்ந்துவிட்டது. பால் திரிந்துவிட்டது. இட்லி மாவு பொங்கி வழிகிறது.

"ஐயோ, பிரிட்ஜ் கெட்டுப்போச்சே!" என்று வீட்டில் கூக்குரல் எழுகிறது.

மெக்கானிக் வருகிறார். பின்புறம் எட்டிப் பார்க்கிறார். "கியாஸ் தீர்ந்துவிட்டது. நிரப்ப வேண்டும்" என்கிறார். ஆயிரக்கணக்கில் செலவு!

பிரிட்ஜில் கியாஸ் தீருமா?

தீராது!

சுற்றி வரும் கியாஸ்

சமையல் சிலிண்டரில் கியாஸ் எரிந்து தீர்கிறது. பிரிட்ஜில் எதுவும் எரிவதில்லை. அடைத்து மூடிய குழாய்க்குள் ஒரே கியாஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. ஐஸ் பெட்டிக்குள் உள்ள சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே வந்து அந்தச் சூட்டை விட்டுவிடுகிறது. மறுபடியும் உள்ளே போகிறது.

கியாஸ் குறைந்தது என்றால், எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் புதிய கியாசும் போய்விடும். கொடுத்த பணமும் கூடவே போய்விடும்! "ஓட்டை எங்கே, காட்டுங்கள்" என்று தாராளமாகக் கேட்கலாம். தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கத்தியால் வந்த வினை

ஓட்டை எப்படி விழுகிறது? பல வீடுகளில் குற்றவாளி, சமையல் அறைக் கத்திதான்.

ஒற்றைக் கதவுப் பெட்டியில் ஐஸ் பாறைபோலக் கட்டிக்கொள்ளும். அவசரத்தில் கத்தியால் குத்திப் பெயர்ப்பார்கள். ஐஸ் பெட்டியின் சுவர் மெல்லிய அலுமினியத் தகடு. கியாஸ் ஓடும் பாதை அந்தத் தகட்டிலேயே இருக்கிறது. ஒரு குத்து. 'உஸ்' என்று சத்தம். அவ்வளவுதான்! அலுமினியத்தில் ஒட்டுப்போடுவது கடினம். ஐஸ் பெட்டியையே மாற்றவும் நேரலாம்.

பிளக்கை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவையுங்கள். உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள். ஐஸ் தானாகக் கரைந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை:- புதிய பெட்டிகள் பலவற்றில் 'ஆர்-600ஏ' என்ற கியாஸ் இருக்கிறது. பழைய கியாஸ் ஓசோன் படலத்தைக் கெடுத்ததால், 1987-ம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கைக்குப் பிறகு அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. புதியது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் தீப்பற்றும். கசிவு என்று சந்தேகம் வந்தால் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். அருகில் தீக்குச்சி கிழிக்காதீர்கள், சுவிட்சையும் தொடாதீர்கள்.

கை வைத்துப் பாருங்கள்

ஆள் அனுப்புமுன், பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள்.

அதிர்வே இல்லையா? உள்ளே விளக்கும் எரியவில்லையா? மின்சாரம் வரவில்லை. பிளக்கைக் கவனியுங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கலாம்.

'டக்' என்று சத்தம் வந்து, சற்று உறுமி, நின்றுவிடுகிறதா? மின் அழுத்தம் குறைவாக இருக்கலாம். அல்லது மோட்டாரைக் கிளப்பும் 'ரிலே' போயிருக்கலாம். அது சிறிய சாமான்தான்.

ஓயாமல் ஓடியும் குளிரவில்லை என்றால்தான், "கியாஸ்" என்ற பேச்சு வருகிறது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. பின்புறம் கறுப்புக் கம்பி வலை இருந்தால், அதில் தூசி அடைந்திருக்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள். சூடு எப்படி வெளியேறும்? பிளக்கை எடுத்துவிட்டுத் தூசியைத் தட்டுங்கள். ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கதவில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். (இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த பிறகு இதையே வைக்கலாம்!) தாள் வழுக்கிக்கொண்டு வந்தால், கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது. அழுக்காக இருந்தாலும் இப்படி ஆகும். சோப்பு நீரால் துடையுங்கள்.

இரட்டைக் கதவுப் பெட்டியில், உள்சுவருக்குப் பின்னால் ஐஸ் அடைத்துக் காற்று வராமல் போகும். ஒரு நாள் நிறுத்தி வைத்தால் சரியாகும். சில நாளில் மீண்டும் அதே தொல்லை வந்தால், ஐசைக் கரைக்கும் சிறு ஹீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஐஸ் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பனி படர்ந்து, மற்ற இடம் காய்ந்து கிடந்தால், கியாஸ் கசிந்திருக்கலாம். அப்போது மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு.

மீனும் மருந்தும்

ஆள் வரும்வரை கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நிறையச் சாமான் வைத்த உறைபெட்டி, திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் வரை குளிரைக் காக்கும் என்பது கணக்கு. நம் ஊர் வெயிலில் அதைவிடக் குறைவாகவே எண்ணிக்கொள்ளுங்கள். நெகிழ்ந்து சூடேறிய மீனையும் இறைச்சியையும் மறுபடி உறைய வைத்து உண்ண வேண்டாம்.

வீட்டில் இன்சுலின் ஊசி போடுபவர் இருந்தால், முதலில் அந்த மருந்தைப் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கும் ஐஸ் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின், கரைந்தாலும் பயன்படாது.