பந்தயத்தட ஓட்டப் பயிற்சி நாள்

பந்தயத்தட ஓட்டப் பயிற்சி நாள் என்பது தனியாட்கள் தமது சொந்தச் சீருந்தை மூடிய பந்தயத் தடத்தில் பயிற்றுநர் துணையுடன் விரைவாக ஓட்டிப் பழகும் நிகழ்வு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் போர்சே, பி.எம்.டபிள்யூ. போன்ற சீருந்துகளின் உரிமையாளர் சங்கங்கள் இதனை நடத்துகின்றன. இது போட்டி அன்று.

வாகன ஆயத்தம்

முதன்முறை பங்குபெறுவோர் முதலில் கவனிக்க வேண்டியது பிரேக் நீர்மம் ஆகும். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அமெரிக்கத் தரப்படி, டாட் 4 வகை நீர்மத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக உள்ளபோது 230 பாகை செல்சியசு. ஈரம் கலந்தபின் 155 பாகை. தடத்தில் மீண்டும் மீண்டும் பிரேக் அழுத்துவதால் எழும் வெப்பத்தில் பழைய நீர்மம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகலாம். ஆவி எளிதில் அமுங்கக் கூடியது. ஆதலால் மிதியை முழுதும் அழுத்தினாலும் வண்டி நிற்காது போகலாம். எனவே நிகழ்வுக்கு முன் நீர்மத்தை மாற்றுவது வழக்கம். பிரேக் பட்டைகளின் தடிமன், சக்கர மரைகளின் இறுக்கம், டயர்க் காற்றழுத்தம் ஆகியனவும் சோதிக்கப்படும். வண்டியினுள் உள்ள தளர்வான பொருட்கள் அகற்றப்படும்.

ஓட்டுநர் ஆயத்தம்

தலைக்கவசம் கட்டாயமானது. கொடிகளின் பொருளை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். மஞ்சள் கொடி எச்சரிக்கையையும், சிவப்புக் கொடி ஓட்டம் நிறுத்தப்பட்டதையும் குறிக்கும். இறுதிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்குகளை ஆறவிடுவர்.