கேமிங் கணினிக்குப் பிராசஸர்: எதைப் பார்த்து வாங்குவது?

கையில் இருக்கும் பணத்துக்குள் கேமிங் கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?" என்பதுதான். விளையாட்டு ஓடும்போது பிராசஸர் செய்யும் வேலை என்னவென்று தெரிந்துவிட்டால் இந்தக் கேள்வியே மாறிவிடும்.

திரையில் நாம் பார்ப்பது அடுத்தடுத்து வரும் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால், ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுதாகப் பயன்படுத்த நினைப்பவருக்கு 7 மில்லிநொடிகூடக் கிடையாது. அதற்குள் எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான், குண்டு சுவரில் பட்டதா ஆள்மேல் பட்டதா, இடிந்த சுவரின் கற்கள் எப்படி உருளும் என்பதையெல்லாம் பிராசஸர் கணக்கிட வேண்டும். கணக்கிட்டு, எதையெதை வரைய வேண்டும் என்ற கட்டளைகளைக் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும். கார்டு வரைகிறது. இரண்டில் எது மெதுவோ, அதன் வேகம்தான் திரையில் கிடைக்கும்.

திரையின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 4கே-க்கு உயர்த்தினால் வரைய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. பிராசஸரின் வேலையோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அதனால் காட்சியழகு மிகுந்த கதை விளையாட்டுகளில் சுமை கார்டின்மேல் விழுகிறது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை 1080பி-யில் அதிவேகமாக ஓட்டும்போது பிராசஸர்மேல் விழுகிறது. உங்கள் பழைய கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ரெசல்யூஷனைக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறவே இல்லையென்றால், தடை பெரும்பாலும் பிராசஸரில் இருக்கிறது.

பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். விளையாட்டின் முக்கியக் கணக்குகளில் பல ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க வேண்டியவை. அவற்றை 16 கோர்களுக்குப் பங்கிட முடியாது. நான்கு கோர் உள்ள ஐ3-12100எஃப் இன்றும் விளையாட வைக்கும். ஆனால் கூட்டமும் வாகனங்களும் நிறைந்த புதிய விளையாட்டுகளில் சராசரி வேகம் நன்றாக இருந்தும் நடுநடுவே திரை திக்கும். அந்தத் திக்கல்தான் எரிச்சலூட்டும். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்) என்பதே இன்றைக்குச் சரியான அளவு என்பது என் கருத்து.

பலரும் கவனிக்காமல் விடுவது கேஷ் நினைவகத்தை. அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பிராசஸர் தனக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டிபோல வைத்துக்கொள்கிறது. அதில் இல்லாததை ரேமுக்குப் போய் எடுத்துவர வேண்டும். அதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். விளையாட்டுகளோ ஓயாமல் சிதறிய தகவல்களைக் கேட்டுக்கொண்டே இருப்பவை. ஏஎம்டி 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இதைப் பளிச்சென்று காட்டியது. அதற்கு முன் வந்த 5800எக்ஸைவிடக் கடிகார வேகம் குறைவு, கோர்களும் அதே எட்டுதான். ஆனால் எல்3 கேஷை 32 எம்பி-யிலிருந்து 96 எம்பி-யாக உயர்த்தியிருந்தார்கள். பல விளையாட்டுகளில் அது 5800எக்ஸைத் தெளிவாக முந்தியது.

இதே பாடம் மலிவு விலையிலும் பொருந்தும். ரைசன் 5 5600, 5600ஜி இரண்டுக்கும் ஆறு கோர், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை வேகத்தில் ஜி-தான் கூடுதல். இருந்தும் கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாடினால் 5600 முந்துகிறது. அதன் எல்3 கேஷ் 32 எம்பி. ஜி-க்கு 16 எம்பி-தான். ரைசன் 5 5500-க்கும் அதே 16.

அதற்காக ஜி வீணென்று சொல்லவில்லை. அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால், கார்டு வாங்கப் பணம் சேரும்வரை சிறிய விளையாட்டுகளை ஓட்டலாம். அந்த வழியில் போகிறவர்கள் ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்க வேண்டும். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது; இரண்டு குச்சிகளிலிருந்து ஒரே நேரத்தில் தகவல் எடுக்க முடிந்தால் அதன் வேகம் கூடும். இன்டெல் பெயரின் இறுதியில் எஃப் இருந்தால் நேர்மாறு: கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. பெட்டியில்லாமல் விலை குறைவாகக் கிடைக்கும் 'ட்ரே' பிராசஸரில் கூலர் வராது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மதர்போர்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஏஎம்4 சாக்கெட் உள்ள பழைய பி450 போர்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பயாஸைப் புதுப்பித்து 5600-ஐப் பொருத்திவிடலாம். போர்டு, ரேம் செலவு மிச்சம். புதிதாக வாங்குபவருக்கு ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் நீண்டகாலத்துக்கு நல்லது, ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம்.

பணம் இறுக்கமாக இருந்தால் ரைசன் 5 5600, கோர் ஐ5-12400எஃப் இரண்டில், போர்டோடு சேர்த்து எது மலிவோ அதை எடுங்கள். ஐ7-க்காக ஒதுக்கியதில் மிஞ்சும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.