பிக்கப் வண்டிக்குப் பெரிய சக்கரம் பூட்டுதல்

நெல், வாழை, காய்கறி முதலிய விளைபொருள்களைக் களத்திலிருந்து சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வேலையில், முன்னாளில் மாட்டு வண்டிக்கு இருந்த இடத்தைப் பல கிராமங்களில் இப்பொழுது பிக்கப் என்னும் சிறு சரக்கு மோட்டார் பெற்றிருக்கிறது. அறுவடைக் காலத்தில் மழை பெய்து, வண்டிப்பாதையில் பின் சக்கரம் புதைந்து, ஏற்றிய மூட்டைகளை இறக்கித் தலைச்சுமையாகக் கரை சேர்க்க நேரிடும்போது, சொந்தக்காரருக்கு முதலில் தோன்றும் யோசனை, பெரிய சக்கரமும் அகலமான டயரும் பூட்டிவிடலாம் என்பதே. இந்த யோசனையில் எவ்வளவு உண்மை உண்டு, எவ்வளவு நஷ்டம் உண்டு என்பதைப் பணம் செலவிடுமுன் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

வண்டிச் சக்கரமும் மோட்டார்ச் சக்கரமும்

பெரிய சக்கரம் பள்ளத்தை எளிதில் கடக்கும் என்பது குடியானவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. கட்டை வண்டிக்கு நான்கு, ஐந்து அடி உயரச் சக்கரம் போட்டது இக்காரணம் பற்றியே. ஆனால் இங்கே ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். மாட்டு வண்டியில் இழுக்கும் சக்தி நுகத்தடியிலிருந்து நேரே வண்டிக்கு வருகிறது. சக்கரம் வெறுமனே உருள்வதோடு சரி. ஆகையால் அது எவ்வளவு பெரிதாயினும் மாட்டின் சக்தி குறைவதில்லை. மோட்டாரிலோ, எஞ்சினின் சக்தி இருசைத் திருகி, சக்கரத்தின் வழியாகவே தரையைத் தள்ளுகிறது. இருசின் நடுவிலிருந்து தரைவரையுள்ள தூரம் அதிகமாக ஆக, அதே திருகுசக்திக்குத் தரையில் கிடைக்கும் தள்ளும் வலு குறைந்துகொண்டே போகும். கட்டை வண்டிக்கு அனுகூலமான விஷயம் பிக்கப் வண்டிக்குப் பாதி பிரதிகூலமாவது இதனாலேயே.

டயரின் மேலுள்ள எண்கள்

டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு என்பதைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். இவற்றிலிருந்து டயரின் முழு உயரத்தைக் கணக்கிடலாம். 215-இல் நூற்றுக்கு 75 பங்கு ஏறக்குறைய 161 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களையும், 15 அங்குல ரிம்முக்குரிய 381 மில்லிமீட்டரையும் கூட்டினால் சுமார் 703 மில்லிமீட்டர் ஆகிறது. இம்முறையிலேயே கணக்கிட்டால், 235/75 ஆர் 15 டயரின் உயரம் சுமார் 733. 265/75 ஆர் 15 டயரின் உயரம் சுமார் 778.

கிடைக்கும் லாபம்

முதல் டயரை நீக்கி 235 அளவுள்ளதைப் பூட்டினால் உயரம் 30 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆயினும் இருசு உயர்வது அதில் பாதியே, அதாவது 15 மில்லிமீட்டர். ஒரு விரற்கடைக்கும் குறைவு. 265 அளவுள்ளதைப் பூட்டினால் 37 மில்லிமீட்டர் உயரும். பாதையின் நடுமேட்டில் முதலில் தட்டுவது பெரும்பாலும் பின் இருசின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியே. ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியின் உடலை உயர்த்தினாலும் இப்பெட்டி உயராது. டயர் ஒன்றே அதை உயர்த்தும். பெரிய டயரின் மெய்யான லாபம் இதுவும், குழியின் விளிம்பில் ஏறுவது சிறிது இலகுவாவதுமே.

நேரும் நஷ்டம்

முதலாவது, இழுவை. 265 அளவுள்ள டயரில் தரையைத் தள்ளும் வலு நூற்றுக்கு 9 பங்குக்கு மேல் குறைகிறது. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது கிளச்சை அதிகம் நழுவவிட நேரும். கிளச்சுத் தகடு சீக்கிரம் தேயும். இவ்வகை டயர்களை விரும்பிப் பூட்டும் அமெரிக்க நாட்டில், இக்குறையை ஈடுசெய்யப் பின் இருசின் பல்சக்கரங்களையும் மாற்றுவோர் பலர். அது தனிச் செலவு.

இரண்டாவது, பிரேக். பிரேக்கும் இருசின் அருகிலிருந்தே சக்கரத்தைப் பிடிக்கிறது. ஆகையால் பெடலை அதே அளவு மிதித்தால், தரையில் கிடைக்கும் தடுப்பு வலுவும் அதே விகிதத்தில் குறையும். சக்கரத்தின் எடை கூடுவதால் அதைச் சுழலாமல் நிறுத்துவதும் கடினமாகும்.

மூன்றாவது, வேகமானி. சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே அது வேகத்தைக் காட்டுகிறது. 265 டயர் பூட்டிய வண்டியில் முள் 60-இல் நிற்கும்போது மெய்யான வேகம் 66 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

நான்காவது, உராய்வும் சாய்வும். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினாலும், முழுப் பாரம் ஏற்றினாலும் டயர் மட்கார்டில் உரசக்கூடும். இதைத் தவிர்க்கச் சிலர் ரிம்முக்கும் இருசுக்கும் இடையே தகடு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்கள். அதனால் பேரிங்குகளின் மேலும் போல்ட்டுகளின் மேலும் நெம்பும் பாரம் கூடும். வண்டி உயர்ந்தால், வைக்கோல் போன்ற உயர்ந்த பாரத்தோடு வரப்போரம் சாயும் அபாயமும் அதிகமாகும்.

பாரம் தாங்கும் எண்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. டயரின் அளவுக்குப் பின் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எழுத்து வேகத்தைக் குறிக்கும். எண் அந்த டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும். 108 என்பது 1000 கிலோ. 100 என்பது 800 கிலோ. பார்வைக்குப் பெரிதாயும் முரடாயும் தோன்றும் டயர் யாவும் அதிகப் பாரம் தாங்கும் என்று எண்ணுதல் தவறு. 108 எண்ணுள்ள சரக்கு டயர்களை நீக்கி 100 எண்ணுள்ளவற்றைப் பூட்டினால், பின் இருசின் இரண்டு டயர்களிலும் சேர்த்து 400 கிலோ தாங்கும் வலு குறைந்துபோகிறது. 40 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் இது பத்து மூட்டை நெல்லாகும். குடியானவர் வழக்கம்போல் பாரம் ஏற்றுவார். கோடை வெயிலில் டயர் சூடேறி வெடித்தபின்பே காரணம் தெரியவரும்.

அகலமும் சேறும்

அகலமான டயர் சேற்றில் புதையாது என்பதும் முழு உண்மையன்று. டயர் தரையில் படும் பரப்பைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது அதிலுள்ள காற்றே. ஒரு சக்கரத்தின் மேல் 560 கிலோ பாரமும், டயரில் 40 பவுண்டு காற்றும் இருந்தால், தரையில் படும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அகலமான டயரிலும் அதே 40 பவுண்டு அடைத்தால் பரப்பின் வடிவம் மாறுமேயன்றி அளவு அதிகம் மாறாது. காற்றைக் குறைத்தாலன்றித் தரையை அழுத்தும் அழுத்தம் குறையாது. காற்றைக் குறைத்த டயரோ பாரத்தையும் வேகத்தையும் தாங்காது. ஆகையால் பாரமில்லாத வண்டி புதைந்தால் சிறிது காற்றை இறக்கி மெதுவாக வெளியேற்றி, சாலையை அடைந்தவுடன் மீண்டும் நிரப்புவதே முறை.

சட்டம்

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிற்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்று விதிக்கிறது. 2019-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டும் இப்பிரிவை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இம்மாறுதலைக் காரணம் காட்டி ஆட்சேபிக்க இடமுண்டு. உற்பத்தியாளர் தம் புத்தகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளை அனுமதித்திருந்தால் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்; அதற்கு அப்பாற்பட்டதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாக விசாரித்தல் நலம்.

செய்யத்தக்கவை

1. அதே அளவில், சேற்றைப் பற்றும் ஆழ்ந்த பட்டனுள்ள டயரை வாங்க வேண்டும். பாரம் தாங்கும் எண் பழையதற்குக் குறையலாகாது.

2. பட்டன் தேய்ந்த டயரை மழைக்காலத்திற்கு முன் மாற்ற வேண்டும். இவ்வகை வண்டிகளுக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி ஆழம் 1.6 மில்லிமீட்டர், சேற்றுக்கு அதுவும் போதாது.

3. ஒரே இருசில் உயரம் வேறுபட்ட இரண்டு டயர்களைப் பூட்டலாகாது. அவ்வாறு பூட்டினால், திருப்பத்தில் மட்டும் சுழல வேண்டிய உட்பல்சக்கரங்கள் ஓயாமல் சுழன்று சூடேறித் தேயும். உபரிச் சக்கரமும் அதே அளவாயிருக்க வேண்டும்.

4. நிலம் ஈரமாயிருக்கையில் பாரத்தை டிராக்டரில் சாலைவரை கொண்டுவந்து, அங்கே பிக்கப்பில் ஏற்றுவது நான்கு டயர்களின் விலையை மிச்சப்படுத்தும்.

5. வண்டி புதையும் இடம் பெரும்பாலும் பாதை முழுவதும் அன்று. வாய்க்கால் குறுக்கிடும் இரண்டொரு இடங்களே. அவ்விடங்களில் குழாய் பதித்து, மேலே கல்லும் சரளையும் கொட்டிக் கெட்டித்தால் பாதையிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் பயன்படும். கிராம உத்தியோகஸ்தர்கள் நிலக்காரர்களைக் கலந்து, மழைக்கு முன்னரே இதற்கு ஏற்பாடு செய்தல் வேண்டும்.

பெரிய சக்கரம் பூட்டிய வண்டி ஒருவருக்கு ஒன்றரை அங்குலத்தை மட்டுமே உயர்த்திக் கொடுக்கும். பத்து வண்டி சரளை கொட்டிய பாதை ஊர் முழுவதையும் கரையேற்றும். செலவிடுவோர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் செய்வார்களாக.