பள்ளி, பல்கலைக்கழக வைஃபை: விருந்தினருக்குத் தனிக் கடவுச்சொல் ஏன்?

கோலாலம்பூர்: பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமோ விளையாட்டுப் போட்டியோ பரிசளிப்பு விழாவோ, பள்ளிக்கு வருகின்றவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வைஃபை கடவுச்சொல் என்ன?” ஆசிரியர் ஒருவர் சொல்லிவிடுகிறார். சில இடங்களில் அது அலுவலகச் சுவரிலேயே ஒட்டப்பட்டிருக்கும். நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்த உதவி, மாணவர்களின் விவரங்கள் உள்ள கணினிகளுக்கு வழிவிடக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

ஒரே இணைப்பில் என்ன ஆபத்து?

அலுவலகக் கணினி, அச்சு இயந்திரம், கண்காணிப்புக் கேமராவின் பதிவுக் கருவி ஆகியவை பெரும்பாலும் ஒரே இணைப்பில்தான் இயங்குகின்றன. மாணவர்களின் பிறப்புப் பத்திர எண், பெற்றோரின் அடையாள அட்டை எண், குடும்ப வருமானம், உதவித்தொகை விவரம் போன்றவை அந்தக் கணினிகளில் இருக்கும். அதே இணைப்பில் விருந்தினரின் கைப்பேசியும் சேர்ந்தால், இந்தக் கருவிகள் அதன் கண்ணுக்குத் தெரியும். கைப்பேசியில் தீங்கு செய்யும் செயலி ஏதாவது ஒளிந்திருந்தால், பாதுகாப்பு குறைந்த கருவியை அது தானாகவே தேடும். கைப்பேசியின் உரிமையாளருக்கே அது தெரியாமல் போகலாம்.

வெளியே போன கடவுச்சொல்லை மாற்றுவதும் எளிதல்ல. மாற்றினால் ஒவ்வொரு கணினியிலும் அச்சு இயந்திரத்திலும் புதிதாகப் பதிய வேண்டும். அந்த வேலைக்குப் பயந்து, பல ஆண்டுகளாக ஒரே சொல்லை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. வேலை மாறிச் சென்றவர், முன்பு வந்த குத்தகையாளர், கைப்பேசியில் கியூஆர் குறியீடாகப் பெற்றுக்கொண்ட மாணவர் என எல்லாரிடமும் அந்தச் சாவி இருக்கும்.

இரண்டு பெயர், இரண்டு பாதை

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. இன்று விற்கப்படும் வைஃபை கருவிகள் பலவற்றில் விருந்தினர் இணைப்பு என்ற வசதி உண்டு. ஒரே கருவி இரண்டு பெயர்களை ஒலிபரப்பும். ஒன்று ஆசிரியர்களுக்கும் அலுவலகத்திற்கும், மற்றது வருகையாளர்களுக்கு. விருந்தினர் பாதை இணையத்திற்கு மட்டுமே செல்லும். அலுவலகக் கணினியின் பக்கம் திரும்பாது. விருந்தினர் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடியும் அமைக்கலாம்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாளே விருந்தினர் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். பள்ளியின் வேலை எதுவும் பாதிக்கப்படாது. பல கருவிகளில் வேகத்திற்கும் வரம்பு வைக்கலாம். நூறு பேர் காணொளி பார்த்தாலும் வகுப்பறைப் பாடம் தடைபடக் கூடாது அல்லவா?

சில இடங்களில் இணையும்போது பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்கப்படும். இதற்கும் காரணம் உண்டு. விருந்தினர் ஒருவர் சட்டவிரோதமாக எதையாவது பதிவேற்றினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அந்தப் பள்ளியின் இணைப்பிலிருந்து வந்ததாகவே தெரியும். யார், எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவு இல்லாவிட்டால் நிர்வாகம் பதில் சொல்ல முடியாது.

பல்கலைக்கழகத்தில்…

பல்கலைக்கழகங்களில் ‘எடுரோம்’ என்ற பெயரை அடிக்கடி காணலாம். ஐரோப்பாவில் தொடங்கிய இத்திட்டம் இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளது. மலேசியாவில் ‘மைரென்’, சிங்கப்பூரில் ‘சிங்காரென்’ ஆகிய கல்வி, ஆய்வு இணையக் கட்டமைப்புகள் இதை நடத்துகின்றன. மலாயாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றாலும், தம் சொந்தப் பல்கலைக்கழக அடையாளத்தைக் கொண்டே அங்கு இணையலாம். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அவருடைய பல்கலைக்கழகம்தான்.

ஆனால் இது மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் உரியது; பெற்றோருக்கு அல்ல. பதிவு நாளிலும் பட்டமளிப்பு விழாவிலும், தோட்டத்தில் இருக்கும் பாட்டிக்குக் காணொளி அழைப்பில் காட்ட வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் அடையாளத்தை வாங்கிப் பயன்படுத்தும் பெற்றோர் உண்டு. அந்த அடையாளமே மின்னஞ்சல், பாடப் பதிவு, தேர்வு முடிவு போன்றவற்றுக்கும் சாவியாக இருக்கலாம். அதைக் குடும்பத்தினருடன்கூடப் பகிரக் கூடாது. விருந்தினர் இணைப்பு உண்டா என்று முகப்பிடத்தில் கேட்பதே சரி.

வருகையாளர் கவனிக்க வேண்டியவை

வைஃபை பெயரை மட்டும் நம்பக் கூடாது. பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே யார் வேண்டுமானாலும் போலி இணைப்பு ஒன்றை வைக்க முடியும். எனவே சரியான பெயரைப் பணியாளரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

நுழைவுப் பக்கம் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் கேட்கலாம். வங்கி அட்டை எண், வங்கிக் கடவுச்சொல், டெக் எண் ஆகியவற்றைக் கேட்டால் உடனே வெளியேற வேண்டும். செயலி ஒன்றைப் பதிவிறக்கச் சொன்னாலும் அப்படியே. கட்டணம் செலுத்துவதற்குச் சொந்தக் கைப்பேசித் தரவைப் பயன்படுத்துவது நல்லது. வீடு திரும்பியதும் அந்த இணைப்பைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

மலேசியாவில் ஏமாற்றுப் பேர்வழிகளிடம் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் தங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: நம் பள்ளியில் விருந்தினர் இணைப்பு தனியாக உள்ளதா? அலுவலக வைஃபையின் கடவுச்சொல் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? பதில் திருப்தியாக இல்லையென்றால், இதைச் சரிசெய்து தரக்கூடிய முன்னாள் மாணவர் யாராவது அந்த ஊரிலேயே இருக்கக்கூடும்.