ஊர்ல சாரிட்டி சேல் போடப் போறீங்களா? பர்மிஷனும் ஐடியா பாதுகாப்பும்



சென்னை, பெங்களூருல வேலை பார்க்கிற காரைக்குடிக்காரங்க நாலு பேர் சேர்ந்து, ஊர்ல ஒரு நாள் திறந்தவெளி விற்பனை நடத்தி, படிச்ச ஸ்கூலுக்கு நிதி திரட்டுறாங்கன்னு வெச்சுக்குவோம். முதல்ல வர்ற பயம், "நம்ம ஐடியாவை யாராவது காப்பி அடிச்சுட்டா?" அதைவிட முக்கியமானது வரிசை. சில வேலைகளைக் கடை திறந்த பிறகு செய்யவே முடியாது.

1. பர்மிஷன்

- இடம்: பொது இடம்னா மாநகராட்சி அனுமதி. தனியார் இடம்னா உரிமையாளர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம்.
- கூட்டம், மைக்: போலீஸ் ஸ்டேஷன்ல எழுத்து மூலம் கேளுங்க. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கிக்குத் தடை.
- பலகாரம்: தேன்குழலோ கந்தரப்பமோ, விற்கிறவருக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும். சின்னக் கடைகளுக்கான அடிப்படைப் பதிவு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். "லாபத்துக்கு இல்லையே"ங்கிறது பதில் ஆகாது. லாப நோக்கம் இல்லாட்டியும் சட்டம் பொருந்தும்.
- குலுக்கல்: காசுக்கு கூப்பன் வித்து பரிசு கொடுக்காதீங்க. தமிழ்நாட்டுல 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியம்னாலும் சிக்கல்தான்.

2. ஐடியாவைப் பூட்டி வைக்க முடியுமா?

முடியாது. ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்குல 1978-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: ஐடியாவுக்குக் காப்புரிமை இல்லை, அதை நீங்க வெளிப்படுத்துற வடிவத்துக்குத்தான் உண்டு. "பழைய வீட்டு முற்றத்துல விற்பனை"ங்கிற யோசனையை அடுத்த வருஷம் யார் வேணும்னாலும் செய்யலாம். ஆனா பேரையும் டிசைனையும் காப்பாத்தலாம்.

பேரும் லோகோவும்: டிரேட்மார்க். தனிநபர் ஆன்லைன்ல அப்ளை பண்ணினா ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 வருஷம் செல்லும், புதுப்பிக்கலாம்.

டிசைன்: இங்கேதான் கவனம். ஆத்தங்குடி டைல்ஸ் பார்த்து, புதுசா ஒரு பூ வரைஞ்சு துணிப்பையில அச்சடிக்கிறீங்க. டிசைன் சட்டப்படி, அப்ளை பண்றதுக்கு முன்னாடி அது எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. ஸ்டால்ல தொங்கவிட்டாலோ, இன்ஸ்டாகிராம்ல போட்டாலோ புதுமை போச்சு. "சரி, காப்புரிமை இருக்கே"ன்னு நிம்மதியா இருக்கவும் முடியாது. டிசைனா பதிவு செய்யக்கூடிய ஒண்ணைப் பதியாம, தொழில்முறையில 50 தடவைக்கு மேல உற்பத்தி பண்ணினா, அந்தக் காப்புரிமையும் முடிஞ்சிடும். 100 பை அச்சடிச்சா கதை முடிஞ்சுது! பழைய டைல்ஸ் வடிவத்தை அப்படியே எடுத்திருந்தா, அது முதல்லயே உங்களுது இல்லை.

மத்தவங்க உரிமையும் இருக்கு. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. செட்டிநாடு கொட்டானுக்கும் உண்டு. வேற ஊர்ச் சேலையை "கண்டாங்கி"ன்னு வித்தா சட்ட மீறல், நெசவாளர் வயித்துலயும் அடி. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துல வாங்கி, பில்லை பத்திரமா வைங்க.

3. பணம்

உங்க சொந்த யுபிஐ க்யூஆர் கோடு வைக்காதீங்க. வந்ததெல்லாம் உங்க வருமானம் இல்லைன்னு பின்னாடி நீங்கதான் நிரூபிக்கணும். டிரஸ்ட் அக்கவுண்டுக்கே நேரா போகட்டும். ரெண்டு விஷயம் ஞாபகம் வைங்க:

- 1,500 ரூபாய்க்குச் சேலை வாங்கினா அது கொள்முதல், நன்கொடை இல்லை, 80ஜி கிடையாது. நன்கொடையா கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கம்னா சலுகை இல்லை. புது ரெஜிம்ல இருக்கிறவங்களுக்கு எப்படியும் இல்லை.
- சிங்கப்பூர், மலேசியா உறவுக்காரர் நன்கொடை அனுப்பினா, அவர் எந்த நாட்டுக் குடியுரிமைன்னு கேளுங்க. வெளிநாட்டுக் குடியுரிமைன்னா, டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாம வாங்கக் கூடாது.

வரிசை இதுதான்: டிசைன், டிரேட்மார்க் விண்ணப்பம் முதல்ல. அடுத்து டிரஸ்டோட எழுத்து மூல ஒப்பந்தம், பர்மிஷன்கள். அதுக்கப்புறம்தான் போஸ்டர், இன்ஸ்டாகிராம். போஸ்டரை முதல்ல போட்டா, மத்ததை எவ்வளவு ஒழுங்கா செஞ்சாலும் டிசைன் திரும்பி வராது.